ஞாயிற்றுக்கிழமைச் சிப்பாய்கள்

விடியக்காலை ஐந்தரை மணி. குற்றாலத்தில் சீஸன் முடிந்து கூட்டம் எல்லாம் கலைந்துபோன நேரம். இலஞ்சிக் குமாரர் கோயில் தாண்டி நான் பாட்டுக்கு வாக்கிங் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு உருவம் தஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்க ஓடி வருகிறது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, நம்ம ஆள். என்னோடு பி.காம். படித்தவர். வங்கியில் வேலை. முப்பத்தொன்பதில் கொஞ்சம் தொப்பை, நெற்றியில் கொஞ்சம் வழுக்கை. (நான் நாற்பதைத் தாண்டிவிட்டேனே என்று கேட்காதீர்கள். சில பேப்பர்களில் நான் கொஞ்சம் தாமதம்.)

“என்னவே, டாக்டர் ஓடச் சொல்லிட்டாரா?”

“புரமோஷன்வே.”

“பேங்க்ல புரமோஷனுக்கு எதுக்குவே ஓடணும்?”

“பேங்க்ல இல்ல. ஆர்மியில.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மனிதர் சில வருஷங்களுக்கு முன்னால் டெரிட்டோரியல் ஆர்மியில் தேறி லெஃப்டினென்ட் ஆகியிருந்தார். ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மீதிப் பேர் மறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் இரண்டு வருஷம் முகாமுக்குப் போக முடியவில்லை, விலக்கு வாங்கியிருந்தார். கேப்டன் பதவி தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது அம்மா இல்லை. கடிதம் வந்திருக்கிறது. முகாமை ஒழுங்காக முடித்தால் தோளில் மூன்றாவது நட்சத்திரம்.

“இந்த வயசுல லெஃப்ட் ரைட் போட்டு என்ன ஆகப்போகுதுன்னு வீட்ல கேக்கா. பதில் சொல்லத் தெரியல” என்றார். சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குத் தெரியாத பதிலைத் தேடித்தான் இந்த வாரம் நூற்றைம்பது வருஷம் பின்னால் போகப் போகிறோம்.

முதலில் சின்ன விளக்கம். டெரிட்டோரியல் ஆர்மி என்பது முழுநேர வேலை கிடையாது. சேருவதற்கு முதல் தகுதியே, உங்களுக்கு வேறு பிழைப்பு இருக்க வேண்டும் என்பதுதான். வேலை இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை! அதிகாரியாகச் சேர பட்டப்படிப்பு, 18 முதல் 42 வரை வயது, எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவச் சோதனை. தேறினால் வருஷத்துக்கு இரண்டு மாதம் வரை பயிற்சி. நகரங்களில் இருக்கும் சில யூனிட்களில் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் பரேடு நடக்கும். நாலு மணி நேரம் நின்றால் ஒரு நாள் கணக்கு. மிச்ச நாளெல்லாம் நீங்கள் வாத்தியார், வக்கீல், வங்கி ஊழியர். அழைப்பு வந்தால் மட்டும் முழுச் சிப்பாய்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110ஆவது பட்டாலியன், திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 117ஆவது பட்டாலியன். இரண்டும் இந்த ரகம்தான்.

இந்த யோசனை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. யாருக்காகக் கொண்டுவந்தான் என்பதில்தான் கதையே இருக்கிறது.

1857. வடக்கே சிப்பாய்க் கலகம். சென்னையில் இருந்த வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வயிற்றில் புளி கரைத்தது. உடனே மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ் என்று ஒரு தொண்டர் படை கட்டினார்கள். ஆபீஸ் முடிந்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு டிரில். பிறகு ரயில்வேக்காரர்களுக்கும் ஒரு படை வந்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மலையைக் குடைந்து 1904இல் பாதை போட்டார்களே, அந்தத் தென்னிந்திய ரயில்வேயிலும் தொண்டர் துப்பாக்கிப் படை உண்டு. ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அதில் இருந்தார்கள்.

நம்மவர்? 1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. 1885இல் ஆப்கன் எல்லையில் ரஷ்யா மோதப்போகிறது என்று பரபரப்பு கிளம்பியபோது, ‘நாங்களும் தொண்டர் படையில் சேருகிறோம்’ என்று படித்த இந்தியர்கள் விண்ணப்பம் போட்டார்கள். அரசாங்கம் கையை விரித்துவிட்டது. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. அதில் இதைத் தீர்மானமாகவே போட்டார்கள். வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லும் தைரியம் அப்போது காங்கிரஸுக்கு வந்திருக்கவில்லை. ‘உங்களோடு சேர்ந்து லெஃப்ட் ரைட் போட விடுங்கள்’ என்று கெஞ்சும் காலம் அது. அதற்குக்கூட அனுமதி இல்லை.

1914 செப்டம்பர் 22. எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்ட ராத்திரி உங்களுக்குத் தெரியும். போர் நீண்டுகொண்டே போனது. ஆள் தேவைப்பட்டது. 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. இங்கே இருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்குப் படைச் சேவை கட்டாயம், இந்தியர்கள் இஷ்டப்பட்டால் சேரலாம். முப்பது வருஷமாக மூடியிருந்த கதவு ஒரு அங்குலம் திறந்தது.

போர் முடிந்ததும் 1920இல் ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியருக்கு ஆக்ஸிலரி ஃபோர்ஸ். இந்தியருக்கு இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ். டிரில்லிலும் தனிப் பந்தி. இருந்தாலும் துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. இதிலேயே பல்கலைக்கழக மாணவர்களுக்கான பயிற்சிப் படையும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இருந்தது. 1948இல் வந்த என்.சி.சி.க்கு அதுதான் தாத்தா.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழர்களுக்கு இந்தப் பகுதிநேரப் படை வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அதற்குக் காரணம் ராபர்ட்ஸ் என்ற ஒரு மனிதர்.

ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதி. நம்ம சிப்பாய்களைக் கிட்டே இருந்து பார்த்தார். பிடிக்கவில்லை. வடக்கே உள்ள சில சாதிகளும் இனங்களும்தான் போர் செய்யப் பிறந்தவர்கள், தெற்கத்திக்காரர்கள் லாயக்கில்லை என்பது அவர் முடிவு. அப்புறம் அவரே இந்தியா முழுவதற்கும் தளபதியாகி 1893 வரை உட்கார்ந்திருந்தார். ஒரு மேலதிகாரிக்கு உங்களைப் பிடிக்காமல், அவரே தலைமை ஆபீஸுக்கும் போய்விட்டால் என்ன ஆகும்? உத்தியோகம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ராபர்ட் கிளைவ் காலத்திலிருந்து கம்பெனிக்காக ஆற்காட்டிலும் மைசூரிலும் செத்தது மெட்ராஸ் சிப்பாய். (பாளையக்காரர்களுக்கு எதிராகவும் செத்தான். நெல்கட்டும்செவலும் பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்தில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எழுதினால் சாமி குத்தம்.) அந்தப் படையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். பட்டாலியன்களைக் கலைப்பது, பஞ்சாபியரை வைத்து நிரப்புவது என்று நடந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1933இல் மெட்ராஸ் பயனியர்ஸும் போயிற்று. பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்ட ஆள் வேண்டுமே.

காலாட்படையில் மெட்ராஸ் என்ற பெயரே இல்லாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் தெரியுமா? டெரிட்டோரியல் பட்டாலியன்கள் இருந்தன. நிரந்தரப் படைவீரன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, அந்த ரெஜிமென்ட்டின் பெயரைத் தோளில் போட்டுக்கொண்டு வருஷா வருஷம் முகாமுக்குப் போனவர்கள் இந்தப் பகுதிநேர ஆட்கள்தான். வீட்டுக்காரன் ஊரைவிட்டுப் போனபிறகு வாசலில் விளக்கேற்றி வைத்த பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்ததும் ராபர்ட்ஸின் தத்துவம் எல்லாம் காற்றில் போயிற்று. ஆள் வேண்டும், யாராக இருந்தாலும் வேண்டும். அப்போது மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி கட்ட எங்கே போனார்கள்? இருக்கவே இருந்தது டெரிட்டோரியல். அந்தப் பட்டாலியன்கள் முழுநேரப் படையாக மாற்றப்பட்டன. முகாமில் டிரில் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் பர்மா காட்டுக்குள் போனது. இன்றைக்கு இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தொடர்ச்சி அறுந்துபோகாமல் இருந்ததில் இந்த ‘லீவு நாள்’ சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து ஒரு தேதிப் பொருத்தம். படித்தபோது நான் காலண்டரை இரண்டு தடவை பார்த்தேன்.

சுதந்திரம் வந்தாயிற்று. 1948இல் புதிய டெரிட்டோரியல் ஆர்மி சட்டம். 1949 அக்டோபர் 9ஆம் தேதி படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வேதாரண்யத்தில் உப்பு எடுத்து ஜெயிலுக்குப் போன அதே ராஜாஜி. அன்றைக்கு என்ன கிழமை தெரியுமா? ஞாயிறு! பகுதிநேரப் படைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

மறுநாள் திங்கட்கிழமை, அக்டோபர் 10. கொழும்பில் இலங்கை ராணுவம் பிறந்தது. அங்கே நடந்தது நேர் தலைகீழ். முழுநேர ராணுவம் வைத்திருந்த இந்தியா ஞாயிற்றுக்கிழமை ஒரு பகுதிநேரப் படையைத் தொடங்கியது. பகுதிநேரப் படையை மட்டுமே நம்பியிருந்த இலங்கை திங்கட்கிழமை அதை வைத்தே முழுநேர ராணுவத்தைத் தொடங்கியது.

இலங்கையில் 1881இலிருந்தே தொண்டர் படை. 1910இல் அதற்கு இலங்கைப் பாதுகாப்புப் படை என்று பெயர். வக்கீல், வியாபாரி, தோட்டத் துரை எல்லாரும் அதில் உண்டு. (தோட்டத் துரைகளுக்கு மட்டும் தனியாக ஒரு துப்பாக்கிப் படை. தனிப் பந்தி அங்கேயும்!) அந்தக் கூட்டத்தில் ஒருவர் அன்டன் முத்துக்குமாரு. 1908இல் பிறந்த இலங்கைத் தமிழர். கொழும்பு புனித ஜோசப் கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஜீஸஸ் கல்லூரி, லண்டனில் பாரிஸ்டர் பட்டம். திரும்பி வந்து கறுப்புக் கோட்டு மாட்டினார். 1934இல் இலங்கை லைட் இன்ஃபன்ட்ரியில் பகுதிநேர செகண்ட் லெஃப்டினென்ட். அப்போது வயது 26. கோர்ட் இல்லாத நேரத்தில் டிரில்.

1939இல் போர். தொண்டர் படை முழுவதையும் அழைத்துவிட்டார்கள். வக்கீல் ஒரே ராத்திரியில் முழுநேரச் சிப்பாய். இந்த மாதிரி அழைக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் நல்ல கதை அமையவில்லை. 1942 மே மாதம் கோகோஸ் தீவில் காவலுக்குப் போன இலங்கை பீரங்கிப் படைக்காரர்கள் சிலர் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். கிரேஷியன் ஃபெர்னாண்டோ உட்பட மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட காமன்வெல்த் படைவீரர்கள் அந்த மூவர் மட்டும்தான்.

முத்துக்குமாரு பிழைத்தார், உயர்ந்தார். 1949இல் புதிய ராணுவத்தின் முதல் நிரந்தரக் காலாட்படைப் பட்டாலியனுக்கு முதல் கமாண்டர் அவர்தான். ராணுவத்தின் தலைமையில் முதலில் ஒரு வெள்ளைக்காரப் பிரிகேடியர், அவருக்குப் பின் இன்னொருவர். 1955 பிப்ரவரியில் அந்த நாற்காலி முத்துக்குமாருவுக்கு வந்தது. இலங்கை ராணுவத்தின் முதல் சுதேசித் தளபதி. கோர்ட் வேலைக்கு நடுவே டிரில் போடப் போன வக்கீலுக்கு 21 வருஷத்தில் கிடைத்த புரமோஷன் இது! பிறகு மேஜர் ஜெனரலாகி 1959 டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றார். தூதராகச் சில நாடுகளில் இருந்தார். 1987இல் இலங்கையின் ராணுவ வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2001இல் காலமானார்.

அவர் தளபதியாக இருந்த காலத்தில்தான், 1956இல், சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்தது. அவருக்குப் பிறகு இன்று வரை ஒரு தமிழர்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவர் புத்தகம் எழுதிய 1987இல் அந்தத் தீவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லவா வேண்டும்? அந்த வருஷம்தான் இந்திய அமைதிப்படை அங்கே போனது. நம்ம டெரிட்டோரியல் ஆர்மியும் அந்த வேலையில் பங்கு வகித்தது.

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். 1962, 1965, 1971 என்று எல்லாப் போரிலும் டெரிட்டோரியல்காரர்களுக்கு வேலை இருந்தது. ஆனால் அவர்களுக்கு மிகச் சிக்கலான வருஷம் என்று நான் நினைப்பது 1974. போர் எதுவும் இல்லை. மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். ரயில்வே ஊழியர்களைக் கொண்ட டெரிட்டோரியல் யூனிட்களை அரசாங்கம் அழைத்தது. நேற்று வரை ஒரே ஷெட்டில் டீ குடித்த சிநேகிதன் வெளியே கொடி பிடித்து நிற்கிறான். நீங்கள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ரயிலை ஓட்ட வேண்டும். மறுத்தால் ராணுவச் சட்டம். ஓட்டினால் ஆயுசுக்கும் ‘கருங்காலி’ என்ற பெயர். பகுதிநேரச் சிப்பாய்க்கு இரண்டு முதலாளிகள் என்பது சாதாரண நாளில் வேடிக்கை. அந்த மே மாதம் அது வேடிக்கையாக இல்லை. அந்த ரயில்வே யூனிட்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கலைக்க 2019இல் முடிவெடுத்துவிட்டார்கள்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் காசுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன். பயிற்சியில் இருக்கும் நாட்களில் வழக்கமான ராணுவ அதிகாரியின் சம்பளமேதான். பென்ஷன்? அதிகாரிக்கு மொத்தமாக இருபது வருஷம் படையில் அழைக்கப்பட்டுச் சேவை செய்திருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மாதம் வைத்து, அதை முழுசாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டால்கூட, இருபது வருஷம் தேற நூற்றிருபது வருஷம் ஆகும். நம்ம ஆளிடம் இதைச் சொன்னேன். “அதுக்குத்தாம்வே ஓடுதேன், உடம்பைப் பாத்துக்கிடணும்லா” என்றார்.

காயம் பட்டால்? அதற்கும் கோர்ட் படி ஏறவேண்டி வந்தது. டெரிட்டோரியல் ஆர்மியில் இருந்தபோது விபத்தில் காலை இழந்த ஒருவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் தர மறுத்தார்கள். மற்ற ராணுவ வீரருக்கு உண்டென்றால் இவருக்கும் உண்டு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

புரமோஷன் விஷயம் சுவாரசியமானது. லெஃப்டினென்ட் கர்னல் வரை காலக் கணக்குப்படி வரும். அதற்கு மேல் கர்னலும் பிரிகேடியரும் தேர்வு செய்து கொடுப்பது. சும்மா வீட்டில் இருந்தால் நட்சத்திரம் தானாக முளைக்காது என்பதற்கு நம்ம ஆளே சாட்சி. அவருடைய சிக்கலும் ராணுவத்தில் இல்லை, ஆபீஸில் இருந்தது. முகாம் கடிதத்தைக் காட்டியதும் மேலாளர் சொன்னாராம்: “சார், இயர் எண்டிங் வருது. பாகிஸ்தானை அடுத்த மாசம் பாத்துக்கலாமே!”

சட்டம் என்ன சொல்கிறது? படை அழைத்துப் போய்த் திரும்பி வந்தவரை முதலாளி பழைய வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் ஆறு மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். அந்த உத்தரவையும் மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆயிரம் ரூபாய்! சட்டம் எழுதிய காலத்தில் அது பெரிய தொகை. இன்றைக்கு மேலாளரின் வாரச் செலவுக்குக்கூடக் காணாது.

இதற்கு நடுவே பெரிய மனிதர்களும் இந்த யூனிஃபார்மைப் போட்டார்கள். கபில்தேவ், மோகன்லால், நம்ம ‘தல’ தோனி ஆகியோருக்கெல்லாம் கௌரவ லெஃப்டினென்ட் கர்னல் பதவி. தோனிக்கு 2011இல் கிடைத்தது. போட்டோ எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். மனிதர் 2015இல் ஆக்ராவில் ஐந்து தடவை பாராசூட்டில் குதித்துத் தேறினார். 2019இல் உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றுத் திரும்பியதும் பதினைந்து நாள் காஷ்மீரில் பட்டாலியனோடு இருந்தார். சச்சின் பைலட், அனுராக் தாக்கூர் போன்ற அரசியல்வாதிகள் கௌரவப் பதவி வாங்கவில்லை. தேர்வு வழியாக வந்து லெஃப்டினென்ட் ஆனார்கள், பிறகு கேப்டன். தாக்கூர் 2021இல் கேப்டன் ஆனபோது மத்திய இணை அமைச்சர்.

இதெல்லாம் ஊர்க்கதை மாதிரிதான் இருந்தது, 2025 மே வரை. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, மே 6 தேதியிட்ட ஓர் அறிவிக்கை. டெரிட்டோரியல் ஆர்மியின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் தேவைப்பட்டால் அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு அதிகாரம். இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ நாட்டின் பல பகுதிகளில் பணியில் இறக்க அனுமதி. டி.வி.யில் அது ஓடிய ராத்திரி நம்ம ஆள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாராம். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லையாம். எப்போதும் கேட்கும் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லையாம். ஷூவை எடுத்து வெயிலில் வைத்தாராம். அப்போது அவருக்கு அழைப்பு வரவில்லை. பெட்டி மட்டும் மறுபடி பரணுக்குப் போகவில்லை.

மேலாளர் கடைசியில் லீவு கொடுத்தார். நம்ம ஆள் முகாமுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கறுத்து, தொப்பையில் பாதி காணாமல் போயிருந்தது. முட்டியில் ஒரு கட்டு. கேட்டால், “இருபத்தஞ்சு வயசுப் பையனுவ கூட ஓடினா சும்மாவா” என்றார். ஆர்டர் கையில் இருந்தது.

போன வாரம் அவரோடு தென்காசி போயிருந்தேன். யூனிஃபார்ம் சட்டையை இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தது. தையல்கடை அண்ணாச்சி தோள்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நட்சத்திரம்.

“எந்த ஸ்டேஷன் சார், இன்ஸ்பெக்டரா?”

“இல்ல அண்ணாச்சி. பேங்க்.”

அண்ணாச்சி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.